கோழிக்கண்ணுக்கு ஒரு வானம்

சூரியன் விழ இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே ஷேடு மொட்டைமாடியில் கயிறு கட்டத் தொடங்கிவிடுகிறார். படிக்கட்டுக் கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், இடுப்பு உயரத்தில், ஒரே கயிறு. அதில் மூன்று முடிச்சுகள். முதல் முடிச்சு கையில் தட்டுப்பட்டால் தரையில் குழாய் ஓடுகிறது, காலைத் தூக்கி வைக்கவேண்டும். இரண்டாவதில் நாற்காலி. மூன்றாவதில் கேமரா ஸ்டாண்டு. அதன் மூன்று கால்களும் நிற்கவேண்டிய இடத்தில் மஞ்சள் பெயிண்டால் பொட்டு வைத்திருக்கிறார். கேமராவின் பொத்தான்களிலும் காய்ந்த பெயிண்டுச் சொட்டுகள் உண்டு. ஒரு சொட்டு தடவினால் படம் எடுக்க, இரண்டு சொட்டு தடவினால் எடுத்ததைப் பார்க்க. "பொழுது சாஞ்சப்புறம் எனக்கு விரல்தான் கண்ணு" என்பார்.

பெயிண்டுக் கடையில் கலர் கலக்குவது அவர் தொழில். யாரோ ஒரு அம்மாள் சுவரிலிருந்து பெயர்ந்த நகக்கண் அளவுச் சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். ஷேடு அதைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். நிறம் அளக்கும் மெஷின் ஓர் எண்ணைச் சொல்லும். "மெஷினுக்கு என்ன தெரியும்? இது பன்னெண்டு வருஷ வெயில் தின்ன சுவரு" என்று முணுமுணுத்துக்கொண்டு கறுப்பில் அரைச் சொட்டு கூட்டுவார். பூசிக் காய்ந்த பிறகு ஒட்டுப்போட்ட இடம் எது என்று வீட்டுக்காரரே தேடவேண்டும். ஷேடு என்பது அதனால் வந்த பட்டப்பெயர்; சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஐந்து மணி ஆகிவிட்டால் யார் கெஞ்சினாலும் நிற்கமாட்டார். வேகு வேகென்று வீட்டுக்கு நடப்பார். வழியில் தெரிந்தவர் பக்கவாட்டில் நின்று கும்பிட்டாலும் கண்டுகொள்ளமாட்டார். தலைக்கனம் என்று பாதித் தெரு நினைக்கிறது. உண்மையில் அவருக்குப் பக்கவாட்டே கிடையாது. குழாய்க்குள் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். எதைப் பார்ப்பதென்றாலும் முழுத் தலையையும் திருப்பவேண்டும். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை, மாலைக்கண். "கழுத்து ஆந்தையோடது, கண்ணு கோழியோடது. ஆண்டவன் அவசரத்துல மாத்தி மாட்டிட்டாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூடச் சேர்ந்து சிரிப்பதா வேண்டாமா என்று கேட்பவர்கள்தான் திண்டாடுவார்கள்.

சிறுவயதில் அவருக்கும் வானம் இருந்தது. நட்சத்திரக் கூட்டங்களின் பெயரெல்லாம் தெரியாது. வரிசையாக, கோல் வைத்துப் பிடித்ததுபோல் மூன்று நட்சத்திரங்கள் நிற்குமே, அவை மட்டும் தெரியும். இருபது வயதுக்குமேல் அவை மங்கின. ஒரு வருடம் மூன்றும் இருந்தன, மறுவருடம் தேடவேண்டியிருந்தது. ஊரில் விளக்கு கூடிப்போயிற்று, புகை கூடிப்போயிற்று என்று அவற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. மனைவி மாடிக்கு வந்து, "யப்பா, எவ்வளவு நட்சத்திரம் பாருங்க" என்றார். இவர் அண்ணாந்து பார்த்தார். கரியைப் பூசியதுபோல் இருந்தது. அன்றைக்குத்தான் குற்றம் ஊருடையது அல்ல என்று தெரிந்தது.

போன வருடம் கடைக்கு எதிர்த்த ஸ்டூடியோக்காரர் தன் பழைய டிஜிட்டல் கேமராவைக் கழித்துக்கட்டினார். அதை ஷேடுவிடம் விளக்கும்போது, ஷட்டரை இருபது விநாடி திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் விழும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் ஷேடு விழுந்துவிட்டார், கேமராவை வாங்கிவிட்டார். "நம்ம கண்ணு பாத்ததோட சரி. இது இருவது செகண்டு இமைக்காம பாக்குது, சேத்து வைக்குது" என்று கடையில் எல்லோரிடமும் சொன்னார். கேமராவின் திரை வெளிச்சமானது, எதிரே பிடித்துப் பார்க்கலாம். அதற்கு அவருக்கு மிச்சமிருக்கிற கண் போதும்.

முதல் படத்தில் கோட்டைவிட்டார். நட்சத்திரம் எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது, ஆகவே லென்ஸை அதன் கடைசி வரை திருப்பவேண்டும் என்பது அவர் கணக்கு. நட்சத்திரத்தைப் படமெடுக்கக் கிளம்புகிற எல்லோரும் வழுக்கும் இடம் அது. லென்ஸ் தேவைக்கு மேலும் கொஞ்சம் திரும்பும்; முட்டும் வரை திருப்பினால் தெளிவு போய்விடும். நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் காசு காசாக விழுந்திருந்தன.

"போச்சுண்ணே, அழிச்சிருங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

ஷேடு அழிக்கவில்லை. ஊதிப் பெருத்த அந்தக் காசுகளில் நிறம் இருந்தது. ஒன்று செங்கல் தூள் கலந்த ஆரஞ்சு, ஒன்று நீலம் கால் சொட்டு விழுந்த வெள்ளை, ஒன்று பழைய தந்தம். நட்சத்திரமென்றால் வெள்ளை என்றுதான் நாற்பத்தெட்டு வயது வரை நினைத்திருந்தார். மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நிறங்களும் எண்களும் அச்சிட்ட ஷேடு கார்டை விரித்துவைத்து ஒவ்வொரு காசுக்கும் எண் கண்டுபிடித்துப் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினார். வெள்ளை கேட்டு வந்த ஒருவரிடம் "எந்த வெள்ளை?" என்று அவர் அரைமணி நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

ஆனாலும் காசைப் பார்த்தாயிற்றே தவிர நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. சிறுவயதில் பார்த்த அந்த மூன்றும் வேண்டும், கூர்மையாக, ஊசி குத்தினதுபோல வேண்டும். தெளிவுக்கு வழி கிடைத்துவிட்டது. அந்தி வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துக் கைபேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அது சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகும் வரை லென்ஸைத் திருப்பி, அது நகராமல் பெயிண்டுக் கடை டேப்பை ஒட்டிவிடுவார். திசைதான் சிக்கல். கைபேசியில் திசைமுள் பார்த்து ஸ்டாண்டைத் திருப்புவார். பக்கத்தில் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் அந்த முள்ளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. பதினோரு மாலைகளில் விழுந்தவை: அடுத்த வீட்டுத் துணிக்கொடி, தொட்டியின் விளிம்பு, ஒரு விமானத்தின் கோடு. "குருட்டாம்போக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்று தன்னையே கேலி செய்துகொண்டு கயிற்றைப் பிடித்து இறங்குவார்.

மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், அதிகம் பேசாதவர். "நான் பாத்துச் சொல்றேனே" என்று முதல் வாரமே கேட்டார். ஷேடு முகத்தில் அடித்ததுபோல் மறுத்தார். "நீ பாத்து நான் எடுத்தா அது உன் படம்மா." அதன்பிறகு அவர் கேட்கவில்லை. துணி எடுக்க, தொட்டியில் தண்ணீர் பார்க்க என்று ஏதாவது சாக்கில் தினமும் படிக்கட்டுக் கதவருகே வந்து உட்கார்ந்துகொள்வார். கேமரா ஒரு பக்கமும் அந்த மூன்று நட்சத்திரங்கள் இன்னொரு பக்கமுமாக இருப்பது அவருக்கு அங்கிருந்தே தெரியும். வாயைத் திறக்கமாட்டார். அப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

இந்த மாதம் கண் மருத்துவர் பார்வையை அளந்து பார்த்தார். குழாய் இன்னும் குறுகியிருந்தது. "நடுப்பகுதி இப்ப நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷமும் இப்படியே இருக்குமான்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். மூன்று நட்சத்திரங்களும் மாலைக்கு மாலை மேற்கே சாய்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் சில வாரங்களில் சூரியனோடு சேர்ந்து மறையும். பிறகு மாலை வானத்துக்கு வர அடுத்த குளிர்காலம் ஆகும். வீட்டுக்கு வந்த ஷேடு ஒன்றும் சாப்பிடவில்லை. மாடிக்குப் போய்க் கயிறு கட்டினார், டேப் ஒட்டினார், இருட்டும் வரை காத்திருந்தார். ஒரு படம் எடுத்தார். பாதி தொட்டி.

கதவுப் பக்கம் தலையைத் திருப்பி, "ஏம்மா, அங்கதான இருக்க?" என்றார்.

"ம்."

"எங்க இருக்கும்மா அந்த மூணும்? எனக்குத் தெரியலம்மா."

மனைவி எழுந்து வந்தார். ஸ்டாண்டின் கைப்பிடியை அவர் கையிலேயே விட்டு, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துத் திருப்பினார். "இன்னும். இன்னும் கொஞ்சம். கொஞ்சம் இறக்குங்க. போதும்." ஷேடு ஒற்றைச் சொட்டைத் தடவி அழுத்தினார். இருபது விநாடி ஷட்டர் திறந்திருந்தது.

திரையில் மூன்றும் இருந்தன. ஊசி குத்தினதுபோல. சுற்றிலும் நூற்றுக்கணக்கில். ஷேடு திரையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"இவ்வளவு இருக்கா? எனக்கே இவ்வளவு தெரியலைங்க" என்றார் மனைவி. மூன்றுக்கு மேலே, சற்றுத் தள்ளி இருந்த ஆரஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இது மேல எங்க இருக்கு?"

யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஷேடு கேமரா பார்க்கும் திசையைக் கையால் தடவிப் பார்த்து, படத்தில் அது இருந்த உயரத்தை மனதில் வைத்து, தனக்குக் கரியாக இருந்த வானத்தில் விரலை நீட்டினார்.

"அந்தா."

விரல் ஒரு சாண் தள்ளி இருந்தது. மனைவி அந்தக் கையைத் தொடவில்லை. அவர் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தலையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தி, அந்த ஆரஞ்சு நட்சத்திரம் அவருடைய விரல் நுனியில் வந்து உட்காரும் வரைக்கும் நகர்த்தி, அப்படியே நின்றார்.