பன்றிக்கும் மானுக்கும் ஒரே ரவை

1. குழல் விட்டம்

ஊரில் இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்தவன் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவின் ஸ்காபரோவில் வேட்டைப் பொருள் விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் காலை கடை முதலாளி வால்டர் கண்ணாடிப் பேழையைத் திறந்து, "புரொபெசர், இங்கே எல்லாமே கலிபர்தான். அது விளங்கினால் பாதி வேலை முடிந்தது" என்றார்.

கலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். உள்ளே செல்லும் குண்டின் பருமனும் ஏறத்தாழ அதுவே; அங்குலப் பின்னத்தில் குறிப்பார்கள். என் குறிப்பேட்டில் 'குழல் விட்டம்' என்று எழுதிக்கொண்டேன். 'தோட்டா' என்னும் சொல் என் செவிக்கு அயலாகப் பட்டமையால் அதை விலக்கி, ஈழத்து நாளேடுகளில் படித்துப் பழகிய 'ரவை' என்பதையே கைக்கொண்டேன். இந்தத் தெரிவு ஒரு குடும்பத்தைக் கலக்குமென்று நான் எண்ணவில்லை.

2. குணத்தின் பொய்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் குணரத்தினம் குடியிருந்தார். ஒஷாவாவில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் பாரம் தூக்கும் வேலை. முதுகு நாளுக்கு நாள் நொந்துகொண்டிருந்தது. ஒருநாள் மின்தூக்கியில் என்னை மறித்தார்.

"மாஸ்ரர், ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

"எத்தகைய பொய்?"

"வன்னியிலை பண்டி சுட்டனான் எண்டு மனேச்சரிட்டைச் சொல்லிப்போட்டன்."

அவருடைய மேலாளர் ஆண்டுதோறும் டெக்சாசிலுள்ள தம் நண்பரின் பண்ணைக்குச் சில தொழிலாளரை வேட்டைக்கு அழைத்துச் செல்வாராம். கைத்துப்பாக்கியால் காட்டுப்பன்றியும் மானும் சுடுவார்களாம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் கைத்துப்பாக்கி கொண்டு வேட்டையாடச் சட்டம் இடந்தராது, அங்கே இடமுண்டு. தகட்டை அழுத்தி வடிக்கும் பிறெஸ் மெசின் பகுதியை மேற்பார்வை செய்ய ஒரு போர்மன் தேவைப்பட்டார்; அவருக்குப் பாரம் தூக்கும் வேலை இல்லை. வேட்டைக்கு வருவோரில் ஒருவருக்கே அந்தப் பதவி என்று தொழிற்சாலையில் பேச்சு. பதவி கிடைத்தால் குணத்தின் முதுகு பிழைக்கும்.

"இப்ப மனேச்சர் கேக்கிறார், பண்டிக்கும் மானுக்கும் என்ன கலிபர் உனக்குப் பிடிக்கும், திங்கக்கிழமை சொல்லு, சிநேகிதனிட்டைச் சொல்லி எடுத்து வைக்கிறன் எண்டு. நான் கையாலை துவக்கே தொட்டதில்லை மாஸ்ரர். மலருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு பயிற்சிக்குப் போறன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்."

மலர் அவருடைய மனைவி. நான் உதவுவதாக உறுதியளித்தேன். வால்டரிடம் கேட்டு, மருந்து நிரப்பாத காட்சி ரவைகளை, வலுக் கூடிய 'மேக்னம்' வகையில் மூன்று அளவுகளில் எடுத்து வைத்தேன்: .357 மேக்னம், .41 மேக்னம், .44 மேக்னம். பின்னர் குணத்தின் வீட்டுக்கு அழைத்தேன்; எவரும் எடுக்காமையால் தொலைபேசியில் செய்தி பதிவு செய்தேன்: "வணக்கம். மூவகை ரவையும் எடுத்து வைத்துள்ளேன். சனிக்கிழமை கடைக்கு வந்து, கையில் எடுத்துப் பார்த்துத் தெரிவுசெய்க."

3. சனிக்கிழமை

சனிக்கிழமை குணம் வந்தார். அவருக்கு முன்னால், மடித்த துணிப்பை இரண்டுடன் மலர் வந்தார். குணம் அவருக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"என்ன மாஸ்ரர், போனிலை நீங்கள் பதிஞ்சதைக் கேட்டுப் பலசரக்குக் கடையிலை எண்டெல்லோ நினைச்சன்" என்ற மலர், சுவரிலிருந்த பன்றித்தலையைக் கண்டு ஒரு கணம் நின்றார். "மகளின்ரை பிறந்தநாளுக்கு லட்டு பிடிக்கோணும். உவருக்கு ரவை பாத்து எடுக்கத் தெரியாது. போனமுறை வண்டு பிடிச்சதைக் கொண்டு வந்தவர். அதான் நானும் வந்தனான். எங்க, காட்டுங்கோ."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மூன்று ரவைகளையும் கண்ணாடிமீது வரிசையாக நிறுத்தினேன்.

மலர் அவற்றைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"உதிலை எப்பிடியப்பா லட்டு பிடிக்கிறது?"

குணம் முழுவதையும் கொட்டிவிட்டார். வால்டருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் நிலைமை விளங்கி, மெல்லப் பின்கட்டுக்கு நகர்ந்தார்.

"பண்டி சுட்டனீங்களோ? நீங்களோ?" மலர் குரலை உயர்த்தவில்லை, அதுவே அச்சமூட்டியது. "கோழி உரிக்கச் சொன்னால் கோயிலுக்குப் போற ஆள்! என்ரை அப்பு வவுனிக்குளத்திலை வயல் காவலுக்குத் துவக்கோடை இருந்தவர். பண்டி எப்பிடிக் கிடக்குமெண்டு எனக்குத் தெரியும். தோளிலை தோல் தகடு மாதிரி. மாஸ்ரர், உவ்வளவிலை எது பெரிசு?"

நான் .44ஐச் சுட்டிக்காட்டினேன். பெரும்பன்றிக்கு அதுவே ஏற்றதென்றும், மானுக்குக் கிட்டத்தில் .357 போதுமென்றும், இரண்டுக்கும் இடைப்பட்டது .41 என்றும் நான் மனனம் செய்திருந்ததை ஒப்புவித்தேன்.

"குண்டின்ரை பருமன் கிடக்கட்டும். உவரின்ரை கை என்ன சொல்லுது?"

வால்டரைத் திரும்ப அழைத்தோம். அவர் வெறுமையான சுழல் துப்பாக்கிகள் இரண்டைக் கொணர்ந்து, தாமே ஒருமுறை சோதித்து, பின்சுவரை நோக்கிப் பிடிக்கச் சொல்லிக் குணத்திடம் தந்தார். மலர் பத்துவரை எண்ணத் தொடங்கினார். நான்கு எண்ணுமுன் .44இன் நீண்ட குழல் தரையை வணங்கியது. .357ஐப் பிடித்தபோது பத்து வரையும் குழல் அசையவில்லை.

"உதுதான்" என்றார் மலர். "உதாலை பண்டி சுடுறதெண்டால் கிட்டப் போகோணும், முகத்துக்கு நேரை இல்லாமல் பக்கம் பாத்துச் சுடோணும். கிட்டப் போகப் பயமெண்டால் சுடாதேங்கோ. காயப்படுத்திப்போட்டு விட்டிட்டு வாறது பாவம். மனேச்சரிட்டையும் உள்ளதைச் சொல்லுங்கோ."

வால்டருக்கு நான் இதை மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, "இந்த அம்மாவுக்கு வேலை வேண்டுமா?" என்று கேட்டார்.

4. டெக்சாஸ்

திங்கட்கிழமை குணம் மேலாளரிடம் உண்மையைச் சொன்னார்: தாம் ஒன்றும் சுட்டதில்லை, கலிபரைத் தெரிவுசெய்தவர் மனைவி. மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் .357தான்" என்றாராம்.

பண்ணையில் முதல் நாள் முழுதும் இலக்குப் பலகையில் பயிற்சி. வேட்டையில் ஏனையோர் .44 ஏந்தினர். அதன் உதைப்பை எதிர்பார்த்து, விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடினர். ஒருவருக்கு நெற்றியில் புடைப்பு, மானுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் குணத்துக்கு முன்னால் இருபது அடியில் ஒரு பெரும்பன்றி வந்து நின்றது. அவர் துப்பாக்கியை உயர்த்தினார், சுடவில்லை. பன்றி அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பின்னாலிருந்து மேலாளர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். பன்றி முகம் காட்டி நின்றதாம், பக்கம் காட்டவில்லையாம்; அதனாலேயே குணம் சுடவில்லை என்றாராம் அவர்.

திரும்பி வந்த கிழமையே குணம் போர்மன் ஆனார். உறுதியில்லாமல் விசையைத் தொடாதவனே பிறெஸ் மெசினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன் என்று மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கூறினாராம்.

இளையோர்க்கு நான் கூறக்கூடியது இது. கலிபர் நூல்கள் விலங்கின் எடையிலிருந்து கணக்கைத் தொடங்குகின்றன. அந்தச் சனிக்கிழமைக்குப் பின் நான் வாடிக்கையாளரின் கையிலிருந்து தொடங்கினேன். பெரியதைக் கேட்டு வந்த எத்தனையோ பேர் சிறியதோடு மகிழ்ந்து சென்றனர்.

குணத்தைப் பாராட்ட ஒன்பதாம் மாடிக்குச் சென்றிருந்தேன். மலர் தேநீர் எடுக்க உள்ளே போனதும் அவர் என் காதருகே குனிந்தார்.

"மாஸ்ரர், நான் ஒண்டும் பக்கம் பாத்து நிக்கேல்லை. பயத்திலை விரல் விறைச்சுப்போச்சு. மனேச்சரிட்டை அதையும் சொல்லவோ எண்டு மலரிட்டைக் கேட்டனான்."

"என்ன விடை கூறினார்?"

"அதை மட்டும் சொல்லாதேங்கோ எண்டவ."