சூப்பர் சிஸ், வெயிட்டிங்

இன்று காலை போன் கூவியது: ‘உங்கள் வாசகர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தைப் பதிவேற்றிக் கிரீடத்தை வெல்லுங்கள்!' கதை எழுதும் செயலி ஒன்று. பல் துலக்கும் முன்பே கிரீடம்.

வாசகர்கள் காத்திருப்பது எனக்கொன்றும் புதிதல்ல. பல வருடங்களுக்கு முன் நான் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ். அந்த சென்டரின் ஏசி குளிரைத் தராது, ஈர மிதியடி வாசனையைத் தரும். மாணவர்கள் வரும்வரை அந்த வாசனையில் உட்கார்ந்து, பெண்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் தொடர்கதை எழுதுவேன். புனைபெயர் நித்யமல்லி. சிரிக்காதீர்கள், அன்றைக்கு அங்கே எல்லோருமே ஏதாவதொரு பூ.

அத்தியாயம் ஏறியதும் ‘சூப்பர் சிஸ், வெயிட்டிங்' என்று பின்னூட்டங்கள் குவியும். படித்து முடிக்கவே நேரமில்லாத வேகத்தில் குவியும். இலக்கியத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் நாயகி கயல், அடிக்கிற கணவனை விட்டுக் கிளம்பியபோதுதான் வினை. தளத்தை நடத்திய அக்கா போன் செய்தார்.

“இது ஃபேமிலி சைட்டும்மா. கயலைப் புருஷன்கிட்டயே சேத்து வெச்சிடு.”

“அவ கையை ஒடச்சவன்க்கா அவன்.”

“திருந்திட்டான்னு ஒரு வரி போட்டா ஆச்சு.”

ஒரே வரியில் ஆண்கள் திருந்தும் வசதி அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தது. நான் மறுத்தேன். கதையைப் பூட்டிவிட்டார்கள். சொந்த வலைப்பூவுக்குக் குடிபோனேன். எல்லா சிஸ்டர்களுக்கும் முகவரி அனுப்பினேன். அத்தனை வெயிட்டிங்கும் பழைய இடத்திலேயே வெயிட்டிங்.

கூட வந்தது ஒருத்திதான், சுகந்தி. சேத்தியாத்தோப்புப் பெண், கணவனோடு மஸ்கட்டில் இருந்தாள். பின்னூட்டத்தில் அவள் சூப்பர் சொல்லமாட்டாள், கேள்வி கேட்பாள். ‘அக்கா, கயல் கெளம்பறப்ப சர்ட்டிஃபிகேட் எடுத்துகிட்டாளா?' ‘கொழந்தைய எப்படிக் கூட்டிட்டுப் போனா?' வாசகி கதையில் எப்படி ஒன்றிவிட்டாள் பாருங்கள் என்று பூரித்து, பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். எழுத்தாளர்களின் கூர்மை அப்படி.

திடீரென்று கேள்விகள் நின்றுபோயின. ஆளில்லாத வலைப்பூவில் கயலோடு தனியாகக் குடித்தனம் நடத்தினேன். சில மாதம் கழித்து, இளம்பெண் ஒருத்தி குழந்தையோடு சென்டர் படியேறி வந்தாள். இந்த சென்டரைப் பற்றி என் பதில்களில் பீற்றியிருந்தேன்.

“நீங்கதான நித்யமல்லி அக்கா? நான் சுகந்தி. வந்துட்டேன்க்கா.”

பக்கம் பக்கமாக வசனம் எழுதியவளுக்கு அப்போது வாயில் வந்தது, “பாப்பா பேரென்ன?” என்பதுதான்.

“யாழினி. டேலி கத்துக்கணும்க்கா. கயல் மாதிரி இல்ல, நான் சர்ட்டிஃபிகேட்டெல்லாம் எடுத்துகிட்டுதான் வந்தேன்.”

படித்தாள். கடலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குள் என் வலைப்பூவை இலவசமாக வைத்திருந்த நிறுவனம் கடையை மூடியது. கயலைத் தூக்கிக்கொண்டு வேறொரு தளம், அதுவும் போய் இன்னொன்று. அத்தியாயங்கள் மட்டும் கூடவே வந்தன. பின்னூட்டங்களை எந்தத் தளமும் கட்டிக் கொடுப்பதில்லை. ஊரே பார்க்கும் இடத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு பெண் வழி கேட்ட அந்தக் கேள்விகள் இன்று எங்கேயும் இல்லை.

சுகந்தியிடம் சொல்லிப் புலம்பினேன்.

“போனா போவுதுக்கா,” என்றாள். “நான் வந்துட்டன்ல?”