அச்சில் நான் அடித்த பெயர்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதம். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், மின்விசிறிக் காற்றுக்குத் தாள்கள் பறக்காமலிருக்க மேலே குக்கர் மூடியை வைத்துக்கொண்டு, என் மகள் எழுதிய புத்தகத்தின் அச்சுப்படியைத் திருத்த உட்கார்ந்தேன். நான் தமிழ் ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை ஓட்டியவள். அந்த வேலை எனக்குப் புதிதில்லை.

எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சின்னதாக ஒரு பதிப்புத் துறை இருக்கிறது. வெளியே அதிகம் தெரியாது. இந்த வட்டாரத்து ஊர் வரலாறு, கோயில் வரலாறு, உள்ளூர்க் கவிஞர்களின் கவிதைகள், சாமி கும்பிடும் வழக்கங்கள் என்று வேறு யாரும் அச்சில் போட யோசிப்பதை எல்லாம் அவர்கள் மெதுவாக, ஆனால் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் மகளின் ஆராய்ச்சி வீட்டுக் கன்னி வழிபாட்டைப் பற்றியது. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னியாக நினைத்து, ஓலைப்பெட்டியில் பாவாடை, தாவணி, வளையல், ரிப்பன் வைத்து வருடா வருடம் படைப்பது எங்கள் கரிசல் ஊர்களில் இன்றும் உண்டு. அதைத் தேடி நான்கு வருடம் புதூர்ப் பக்கமும் ஓட்டப்பிடாரம் பக்கமும் மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் தனியாக அலைந்தாள்.

அந்த நான்கு வருடமும் எனக்கு நிம்மதி கிடையாது. சாயங்காலம் ஆனால் போனை எடுத்துவிடுவேன்.

"எங்கன இருக்க?"

"பஸ்லதாம்மா. கண்டக்டர் பேரு, அவரு அப்பா பேரு எல்லாம் கேட்டுச் சொல்லவா?" என்று கிண்டல் பண்ணுவாள். பஸ்ஸில் சிரிக்கிற சத்தம் கேட்கும். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தப் பதிப்புத் துறையில் ஒரு பழைய வழக்கம். கடைசி அச்சுப்படியைக் காகிதத்தில்தான் அனுப்புவார்கள். பக்கத்துக்குப் பக்கம் நூலாசிரியரின் சுருக்கொப்பம் வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டார்கள். படி வந்த நேரம் மகள் ஒரு மாதப் பயிற்சிக்காக ஹைதராபாத்தில் இருந்தாள். போனில் சொன்னாள்: "நான் ரெண்டு தடவை பாத்தாச்சும்மா. நீ ஒற்றுப் பிழை மட்டும் பாத்து, எனக்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிரு. அவியகிட்டச் சொல்லிட்டேன்."

ஐந்தாவது அத்தியாயம் வரை நன்றாகத்தான் போனது. பெருமையாகக்கூட இருந்தது. அந்த அத்தியாயத்தில் ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். கூட வேலை பார்த்த பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றிருக்கிறாள். ஒருநாள் கிணற்றில் கிடந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. "வழுக்கி விழுகல தாயி. எம்பிள்ளைக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்று அந்த அம்மா சொன்னதை மகள் அப்படியே எழுதியிருந்தாள்.

அடுத்த வருடமே தகப்பன் வழிச் சொந்தக்காரர்கள் அந்தப் பெண்ணைக் கன்னியாக்கிப் பெட்டி வைத்துவிட்டார்கள். சாமியாகிவிட்டவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டு. ரேஷன் கார்டில் பெயர் போனது. பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோவும் எங்கேயோ போனது. பெற்றவளே வாய்விட்டுப் பெயர் சொல்லிப் பல வருடம் ஆயிற்று. "நீ புஸ்தகத்துல எழுது. அவ பேரையும் எழுது, ஊருப் பேரையும் எழுது. மாத்திப் போட்றாத" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறாள். மற்ற பெண்களின் பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், இந்தப் பெயரை மட்டும் தாயின் விருப்பப்படி உள்ளபடியே தருகிறேன் என்று மகள் அடிக்குறிப்பும் போட்டிருந்தாள்.

பெட்டி வைத்த அந்தப் பெண்ணின் சித்தப்பன்மார் இன்னும் அதே ஊரில் இருக்கிறார்கள். என் மகள் போய் வருகிற அதே ரோடு. மத்தியானம் சோறு இறங்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பெயர் வந்த நாலு இடத்திலும் கோடு இழுத்து 'ஒரு பெண்' என்று எழுதினேன். ஊரை 'ஒரு சிற்றூர்' ஆக்கினேன். நீச்சல் தெரியும் என்ற வரியை அடித்தேன். அடிக்குறிப்பையும் அடித்தேன். எல்லாப் பக்கத்திலும் மகளின் சுருக்கொப்பத்தைப் போட்டு, கடைசியில் 'அச்சிடலாம்' என்று எழுதி, தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடிப்போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

போன் வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போன் வந்தது. "அனுப்பிட்டியாம்மா?" "அனுப்பிட்டேன்." அவ்வளவுதான் பேசினேன்.

தை மாதம் வெளியீட்டு விழா. பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய அரங்கு. ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு கோயில் வரலாறு, என் மகளின் புத்தகம், மூன்றும் ஒரே மேடையில். தகவல் சொன்னவர்களுக்குத்தான் முதல் பிரதி தர வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அதனால் அந்த அம்மாவும் வந்திருந்தாள். மாங்காய்க் கலர்ச் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மேடையில் துண்டு போர்த்திப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். இறங்கி வந்து, முன் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் யாரென்று மகள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

மேடையில் மகள் பேச ஆரம்பித்தாள். அந்த அம்மா புத்தகத்தை மடியில் விரித்து என் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர். எம்பிள்ள பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க."

நான் பக்கங்களைப் புரட்டினேன். தேடுகிற மாதிரி நடித்தேன். ஐந்தாவது அத்தியாயம் வந்தது. 'ஒரு பெண்' என்று இருந்த இடத்தில், 'ஒரு' என்ற சொல்லுக்குக் கீழே விரலை வைத்தேன். "இதுதாம்மா" என்றேன்.

அவள் மஞ்சள் பைக்குள் கையை விட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தாள். அவளுடைய மகள் முதல் சம்பளத்தில் வாங்கிப் பேர் வெட்டி வைத்திருந்த டம்ளராம். அந்த வீட்டில் அந்தப் பெயர் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான். டம்ளரைப் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தாள். வெட்டியிருந்த எழுத்தின் மேல் நகத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அப்புறம் புத்தகத்தில் என் விரல் இருந்த சொல்லில் எண்ணினாள்.

"இதுல நாலு எழுத்து வெட்டியிருக்கு டீச்சர். அங்கன ரெண்டுதான இருக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அச்சுல சுருக்கிப் போடுவாகளோ?"

"ஆமாம்மா. அச்சுல அப்படித்தான் போடுவாங்க" என்றேன். தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் சொன்ன பதில் இது.

"சரி" என்று தலையை ஆட்டினாள். டம்ளரைப் பைக்குள் வைத்தாள். எல்லாரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். கூட்டம் முடிந்து மகள் ஓடி வந்து, "பெரியம்மா, பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு, "பாத்தேன் தாயி, நல்லாருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் அந்த அத்தியாயத்தைத் திறந்தாள். பதிப்புத் துறைதான் பயந்துகொண்டு மாற்றிவிட்டது என்று நினைத்து, மறுநாள் காலையில் அலுவலருக்குப் போன் செய்து சத்தம் போட்டாள். அவர் கோப்பில் இருந்த அச்சுப்படியைப் படம் பிடித்து அனுப்பினார். என் சிவப்புக் கோடுகள். பரீட்சைத் தாளில் போடுவது போலவே, ஓரத்தில் சாய்ந்து விழுந்த என் கையெழுத்து.

மகள் போனை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இது ஒற்றுப் பிழையாம்மா?"

"ஒனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. அந்தப் பொண்ணுக்குத்தான் ஆச்சு" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் கூட வராமல் நானே பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த அலுவலரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "கைவசம் இருக்கிற பிரதிகள்ல பிழைதிருத்தத் துண்டு அடிச்சு ஒட்டிருவோம். நூலகங்களுக்குப் போனதுல ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர்" என்றார். நான் எழுந்தபோது, "நாங்க சின்னத் துறைதான். ஆனா எங்ககிட்ட வர்ற பேரு வேற எங்கயும் அச்சாகப் போறதில்ல" என்று சொன்னார். அதைக் குத்திக்காட்டச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்தத் துண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாசிக் கடைசியில் அந்த ஊருக்குப் போனேன். நான்கு வருடம் மகள் போய் வந்த ரோட்டில் நான் போவது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா கரிசல் காட்டில் நாலைந்து பேரோடு கொத்தமல்லி பிடுங்கிக்கொண்டிருந்தாள். காடு முழுக்க மல்லி வாசம். என்னைப் பார்த்ததும் கூட இருந்த ஒருத்தி, "ஏ மதினி, டீச்சர் தேடி வந்துருக்காக. ஒன்னப் பள்ளிக்கொடத்துல சேக்கப் போறாகளோ!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே என்னை ரோட்டோர வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப் போனாள்.

நான் சொல்லி முடிக்கும் வரை கையில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சா ஏம்மா அப்படிக் கேட்டீங்க? அச்சுல சுருக்குவாங்களான்னு?"

"பெறகு என்ன கேக்கச் சொல்லுதீக? ஒங்க மக மேல நின்னு பேசிக்கிட்டிருக்கா. அம்புட்டுப் பேரும் கைதட்டுதாக. நடுவுல நான் எந்திரிச்சு, எம்பிள்ள பேரு எங்கன்னு கத்தவா? அந்தப் பிள்ள மொகம் வாடிப் போயிராதா?"

அந்த அரங்கில், அந்தப் பத்து நொடியில், என் மகளைக் காப்பாற்றியது அவள். நான் இல்லை.

"பயந்துட்டேன்மா" என்றேன்.

"பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா இந்த ஊருல குடியிருக்கது நானுல்லா? எனக்கே வராத பயம் ஒங்களுக்கு எப்பிடி டீச்சர் வந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். துண்டை நீட்டினேன்.

"இதுல இருக்கா?"

"இருக்கும்மா. நாலு எழுத்தும் இருக்கு."

"வாசிங்க."

வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொருக்க" என்றாள். மறுபடியும் வாசித்தேன். காட்டுக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். துண்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "வேல கெடக்கு, வாரேன் டீச்சர்" என்று போய்விட்டாள். நாலு அடி போனதும் தோள் குலுங்குவது தெரிந்தது. குனிந்து மறுபடியும் மல்லி பிடுங்க ஆரம்பித்துவிட்டாள்.

இதுவரை அந்தப் புத்தகத்துக்காக எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அந்த அம்மாவையும் ஒன்றும் சொல்லவில்லையாம். நான் யாருக்குப் பயந்தேனோ அவர்களில் ஒருவர்கூட அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. படித்தவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற மாணவர்கள்தான். அவர்கள் கையில் இருக்கிற பிரதிகளில் அவள் இன்றைக்கும் வெறும் 'ஒரு பெண்'தான். மகள் இப்போது இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ஆனால் எழுதிய தாள் எதையும் என் கண்ணில் படும்படி வைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதெல்லாம், அந்தப் பயத்தில் இன்னொருத்தி பிள்ளையை மிதித்துக்கொண்டு நிற்கிறேனோ என்று ஒரு நிமிடம் காலடியைக் குனிந்து பார்க்கிறேன். இந்த வயதில்தான் எனக்கு அது பழகி வருகிறது.