கடல்நீர் கேனும் பஸ் டிரைவரும்

களிமண்ணைப் போட்டுக் கடல்நீரில் உப்பைக் குறைக்கும் ஆராய்ச்சிக்காக, வாராவாரம் மூடி இறுகாத ஒரு கேனில் கடல்நீரை நிரப்பி ஆல்பனி நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவேன். டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, ஒரு கண் எப்போதும் பின்பக்கக் கண்ணாடியில். "உப்புக் குறைஞ்சுதோ?" என்று தவறாமல் கேட்பார்.

ஒருநாள் அலுத்துப்போய், "இல்லண்ணே, விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன்.

"விடுறதெண்டா நாளைக்கு விடலாம். இப்ப சீட்டில இருங்கோ, பிறகுதான் பஸ்ஸை எடுப்பன்."

சில மாதம் கழித்து உப்பு கொஞ்சம் இறங்கியது. அவரிடம் சொல்லலாம் என்று அடுத்த கேனோடு ஏறினால், அவர் இடத்தில் வேறொருவர். நான் உட்காருவதற்குள் பஸ் கிளம்பி, கேன் சாய்ந்து, ஷூவெல்லாம் கடல்நீர்.

அத்தனை நாளும் ஒரு சொட்டுகூடச் சிந்தாதது என் சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தேன்!