மதினி உட்கார்ந்த வரிசை

எங்கள் ஊர்ச் சேவைக் கிளப்பில் உறுப்பினர் என் வீட்டுக்காரர்தான். வண்ணார்பேட்டையில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. பக்கத்துக் கடைக்காரர் வற்புறுத்தினார் என்று அவர் சேர்ந்தார். அவர் சேர்ந்ததால் நானும் போனேன். கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆண்கள் மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டிருக்கும்போது, பெண்கள் நாங்கள் பின்னால் சாப்பாடு எல்லாருக்கும் எட்டுமா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

முதல் நாள் யாரையும் தெரியாமல் வாசல் ஓரமாக நின்றேன். "ஏட்டி, அங்கன ஏன் நிக்க? இங்கன வந்து உக்காரு. அந்த ஸ்பீக்கர் காதக் கிழிச்சிரும்" என்று ஒரு குரல் கூப்பிட்டது. அவர்தான் மதினி. பாளையங்கோட்டையில் மருந்துக் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் மனைவி. சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அண்ணாச்சி கிளப்பில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன் முறை. அதனால் அவர் மனைவி எல்லாருக்கும் மதினி. எனக்கும் அப்படியே ஆனது.

சேவை என்றால் என்ன என்று நான் பார்த்தது அவரிடம்தான். பத்தமடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கண் முகாம் நடத்துவோம். மருந்து விட்டபிறகு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். வயதானவர்கள் பயந்துபோய்ப் பாதியிலேயே திறந்துவிடுவார்கள். மதினி அவர்கள் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "காலையில என்ன கொழம்பு ஆச்சி? மருமவ வச்சதா, நீங்க வச்சதா?" என்று ஆரம்பிப்பார். மாமியார் மருமகள் கதை பேசிப் பேசியே நேரம் போய்விடும். போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், "நீங்க எடுங்க, இவங்களை விட்டுட்டு எப்படி வர?" என்பார். தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், கிளப் சார்பில் கல்யாண மண்டபத்தில் சமைத்தோம். அங்கேயும் கைக்குழந்தைக்காரிகளுக்குப் பாலும் மாற்றுத்துணியும் வேண்டும் என்று முதலில் நினைத்தது அவர்தான்.

அடுத்த வருஷம் அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார். கிளப்பே திரண்டு போனது. மலர்வளையம் வைத்தோம், இரங்கல் கூட்டம் போட்டோம். ஒவ்வொருத்தரும் மதினியிடம், "நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

பிறகு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அண்ணாச்சியின் எண்ணை எடுத்துவிட்டார்கள். இறந்தவர் எண் எதற்கு என்று யாரோ எடுத்தது. ஆனால் கிளப்பில் நடப்பதெல்லாம் மதினிக்கு அந்த எண் வழியாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. குடும்ப விழா வந்தது, அவருக்குத் தெரியவில்லை. நான் போன் செய்து, "நாளைக்கு வாரியளா மதினி? கார்ல வந்து கூட்டிக்கிடுதேன்" என்றேன்.

"யாரும் சொல்லலியே பிள்ள. கூப்பிடாம எப்படி வர?" என்றார்.

என் வீட்டுக்காரர் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்தார். உறுப்பினரும் அவர் மனைவியும் என்றுதான் விதி இருக்கிறதாம். "மதினி வந்தா யாரு வேண்டாம்னு சொல்லப் போறா?" என்று எல்லாரும் சொன்னார்கள். அதோடு முடிந்தது. வாருங்கள் என்று சொல்ல ஒருவரும் போகவில்லை. கண் முகாமும் அவர் இல்லாமல் நடந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் மதினியே என்னைக் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம். "ஏட்டி, செகரட்டரி தம்பி போன் பண்ணிச்சு. சனிக்கிழமை விழாவுக்குக் கட்டாயம் வரணுமாம்." கணவரை இழந்த பெண்களுக்குச் சேலையும் அரிசிப் பையும் கொடுக்கிற விழா அது. எனக்கும் சந்தோஷம்தான். கடைசியில் ஒருத்தருக்காவது அவர் நினைவு வந்ததே என்று நினைத்தேன்.

நான் மண்டபத்துக்குப் போகும்போது அவர் முன்னாலேயே வந்திருந்தார். கஞ்சி போட்ட சந்தன நிறக் காட்டன் சேலை. வந்த பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நடக்க முடியாதவர்களை மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துக்கொண்டிருந்தார். அவரை மறுபடி அப்படிப் பார்த்த சந்தோஷத்தில், வருகிறவர்களை வரவேற்க நானும் சந்தனத் தட்டைக் கையில் எடுத்தேன்.

செகரட்டரி புதிதாகச் சேர்ந்த பையன். செல்போன் கடை வைத்திருந்தான். மதினியின் வேலையை அவன் கண்டதில்லை. அருகில் வந்து, "அம்மா, நீங்க எதுக்குச் சிரமப்படுதிய? மூணாவது வரிசையில உக்காருங்க. பேர் கூப்பிடும்போது மேடைக்கு வந்தாப் போதும்" என்றான்.

மதினிக்குப் புரியவில்லை. "நான் வேலை பாக்க வந்தேன் தம்பி."

"இல்லம்மா, உங்களுக்கும் ஒரு பை எடுத்து வச்சிருக்கோம். அண்ணாச்சி நம்ம ஆளு. உங்களை விட்டுற முடியுமா?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கையிலிருந்த சந்தனத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன தம்பி பேசுதிய? யாருன்னு தெரியுமா இவங்க?" என்று நான் சத்தம் போட ஆரம்பித்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பையப் பேசு. இங்கன உக்காந்திருக்கவங்க காதுல விழுது. இவங்க வாங்குனா கேவலம் இல்ல, நான் வாங்குனா மட்டும் கேவலமா?"

போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண் ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனார். தலைவர் பையின் ஒரு பக்கத்தையும் மதினி மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார். அதற்கும் நின்றார். கீழே நின்ற பழைய உறுப்பினர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திரும்பும்போது காரில் என் பக்கத்தில்தான் இருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "அந்த மேடைப் படிக்குக் கைப்பிடி கெடையாது, கவனிச்சியா? வயசானவங்க எப்படி ஏறுதாங்கன்னு இத்தன வருசம் நாம பாக்கவேயில்ல" என்றார்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் செகரட்டரியை வாய்க்கு வந்தபடி ஏசினார். பையன் மறுநாளே மதினி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் காப்பி கொடுத்து, கடை எப்படி ஓடுகிறது என்று விசாரித்து அனுப்பினாராம். "அவங்க கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று எங்களிடம் வந்து சொன்னான். அடுத்த கண் முகாமுக்கு அவனே நேரில் போய் அழைத்தான். மூட்டு வலி என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த தடவையும் மூட்டு வலிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடந்துதான் போய் வந்தார்.

இப்போது விதியை மாற்றியிருக்கிறார்கள். உறுப்பினர் இறந்தால் மனைவி விரும்பும்வரை தொடரலாம். தீர்மானம் நிறைவேறிய கையோடு நான் பாளையங்கோட்டைக்கு ஓடினேன். அந்த வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக வந்திருந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். மதினி ஒரு போர்வையை மடித்துக்கொண்டே கேட்டார். "நல்ல காரியம். இனிமே வாரவங்களுக்கு ஆவும்" என்றார்.

"உங்களுக்கு மதினி?"

"இருக்கட்டும் பிள்ள" என்றார். போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

இப்போது எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறோம். என் வீட்டுக்காரரின் சர்க்கரை எப்படி இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று கேட்பார். பேரன் பள்ளிக்கூடத்தில் செய்த சேட்டையைச் சொல்வார். கிளப்பைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்ததே அதுதான் என்பதால், பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.