மோந்து பார்த்த தட்டு

என் மூக்கின் மேல் எனக்கு ரொம்பப் பெருமை. கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் டாக்டர், இருபது வருஷமாகக் கிருமி வளர்க்கிறேன். நோயாளியின் ரத்தத்தையோ சீழையோ தட்டில் தடவி வைப்போம். கிருமி முளைத்ததும் மூடியைத் திறந்து ஒரு மோப்பம் பிடிப்பேன், மெஷின் பெயர் சொல்லுமுன் நான் சொல்லிவிடுவேன். தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவளே நான்தான்.

போன வருஷம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வீட்டில் ஆடு வளர்க்கிறவள். முதுகெலும்பில் டிபி என்று எட்டு மாதமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கொஞ்சம் தேவலை போலிருந்து, அப்புறம் பழையபடி காய்ச்சல், நிமிர முடியாத வலி. வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ஏழு வயது மகளைக் காரமடையில் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். முதுகில் இருக்கிற டிபி ஒட்டாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியும் வீட்டார் கேட்கவில்லை.

"புள்ளை கோவிச்சுக்கிட்டு போன்லயே பேசமாட்டேங்குதுங்க" என்றாள் என்னிடம்.

மருந்துக்கு அடங்காத டிபியாக இருக்கும், திங்கட்கிழமையிலிருந்து இன்னும் கடுமையான மருந்து, குறைந்தது ஒரு வருஷம் என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் காரமடையில் இன்னும் ஒரு வருஷம் என்றுதான் எனக்கு அது கேட்டது. மருந்தை மாற்றுமுன் முதுகிலிருந்து ஊசியால் எடுத்த சீழ் என் மேசைக்கு வந்தது.

நாலாம் நாள், வியாழக்கிழமை, தட்டில் ஊசிமுனை அளவுக்குப் பொடிப்பொடியாக ஏதோ முளைத்திருந்தது. மோந்தேன், வாசமே இல்லை. மெஷினில் வைத்தால், மண்ணில் கிடக்கும் ஏதோ ஒரு கிருமியின் பெயரைச் சொன்னது. வெளியிலிருந்து விழுந்த குப்பை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எங்கேயோ உறுத்தியது. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் இதே பெண், இதே கிருமி, குப்பை என்று எழுதிக் கீழே கையெழுத்து. என் கையெழுத்து!

அட, ஒரே ஆளின் முதுகில் ஒரே குப்பை இரண்டு தடவை விழுமா? எனக்கு என் மேலேயே வந்ததே கோபம், தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினேன்.

அங்கே கிருமியின் மரபணுவைப் படிக்கும் கருவி புதிதாக வந்திருந்தது. செல்போனைவிடச் சின்னது. டிஎன்ஏவைப் பிரித்து ஒரு சொட்டு விட்டால் எழுத்தெழுத்தாகப் படித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அது வந்த அன்று, எனக்கு மூக்கு போதும் என்று நக்கலடித்தவள் நான். அதைப் பார்த்துக்கொள்பவள் கருமத்தம்பட்டிக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எதையும் கத்தித்தான் சொல்வாள்.

"இதப் படிச்சுக் குடு கண்ணு. திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

"ஏனுங்க்கா, மூக்கு லீவுங்களா?"

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

சனிக்கிழமை காலையில் சொட்டை விட்டாள். திரையில் துண்டு துண்டாக எழுத்து ஓட ஆரம்பித்தது. எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தெரிந்த கிருமிகளோடு கம்ப்யூட்டர் ஒத்துப் பார்க்கப் பார்க்க, வந்ததெல்லாம் ஒரே பெயரில் போய் விழுந்தது.

"அக்கா! புருசெல்லாங்க்கா! ஆட்டுக் கிருமி!"

வாசல் செக்யூரிட்டிக்கே கேட்டிருக்கும். நான் குதித்தே விட்டேன், இந்த வயதில்! டிபி மாதிரியே முதுகெலும்பைப் பிடிக்கும் கிருமி இது, டிபி மாத்திரைகளில் ஒன்று இதையும் கொஞ்சம் அடக்கும். அதனால்தான் முதலில் குணமான மாதிரி காட்டி எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. எங்கள் மெஷினின் பட்டியலில் இது இல்லை, அதனால் இதற்குச் சொந்தக்கார மண் கிருமியின் பெயரைச் சொல்லியிருக்கிறது.

அவள் சட்டென்று சத்தத்தைக் குறைத்தாள். "அக்கா, இது மூக்கு வழியாத்தான் ஏறுமாமுங்க. நீங்க மோந்தீங்களா?"

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு எனக்கும் மாத்திரை. நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

ரத்தப் பரிசோதனையும் புருசெல்லா என்றே சொன்னது. திங்கட்கிழமை டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். நான் அந்தத் தாராபுரத்துப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"பச்சைப் பால் குடிப்பீங்களா?"

"இல்லீங்க, காச்சித்தானுங்க."

"ஆடு குட்டி போடறப்ப?"

"நாந்தானுங்க கையில புடிச்சு இழுப்பேன். போன வருசம் மூணு ஆடு செத்த குட்டியாப் போட்டுதுங்க."

"இத ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"ஆரும் கேக்கலீங்களே. டாக்டருங்ககிட்டப் போயி ஆட்டுக்கதை பேசறதுங்களா?"

எட்டு மாதமும் டாக்டர்கள் சொன்னதற்கெல்லாம் மரியாதையாகச் சரிங்க என்று தலையாட்டியிருக்கிறாள்.

"அப்ப டிபி இல்லீங்களா? புள்ளையக் கூட்டியாரலாமுங்களா?"

"தாராளமா. குட்டி போடற ஆட்டுப் பக்கம் மட்டும் விட்டுராதீங்க, கிருமி அதுலதான் வருது." அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும் அம்மணி. குப்பைன்னு எழுதித் தள்ளினது நாந்தான்."

"ரெண்டு மாசமாத்தானுங்க புள்ளை பேசறதில்ல" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உங்க போனக் குடுங்க, டாக்டரம்மா. என் நம்பருன்னா எடுக்காதுங்க."

காரமடையில் மகளே எடுத்தாள். "அம்மாடா கண்ணு. டிபி இல்லையாமா. இன்னிக்கே வாரேன், நம்மூட்டுக்குப் போயர்லாம்." அந்தப் பக்கமிருந்து, "பொய்யி" என்று கேட்டது.

அவள் போனை என் கையில் திணித்தாள். எத்தனை ஆயிரம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஒன்றையும் இப்படி வாயால் சொன்னதில்லை.

"நெசந்தான் கண்ணு. நான் டாக்டர் பேசறேன். அம்மா வாராங்க."

அப்புறம் அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

"எந்த பஸ்ஸுலீங்க?"