போலீசுக்கு எழுதிப்போட்ட லேப்டாப்

திருட்டுப் போன என் லேப்டாப் பதினோராவது நாள் போலீஸ் வேலைக்கு எழுதிப்போட்டது. இதைச் சொன்னால் தென்காசியில் யாரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினால்தான் நம்புகிறார்கள். அவருக்குத் தலையாட்டக் கொஞ்சம் கூச்சம். திருட்டுக்குக் காரணமே அவர்தானே.

நான் வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவள். அந்த வருஷச் சாரல் சீசனுக்குச் சென்னையில் இருந்து நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. வந்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகாமல் அனுப்பினால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அன்று பார்த்து ஒரு பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. தாய்மாமன்களில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று பெண் வீட்டுக்குள் குடுமிப்பிடிச் சண்டை. எந்த நேரமும் ஃபோன் வரும் என்று லேப்டாப்பையும் பையில் வைத்து ஐந்தருவிக்கு எடுத்துப் போனேன். அதே பையில் இவருடைய கேமராவும் இருந்தது. வருஷா வருஷம் அதே அருவியை, அதே இடத்தில் நின்று படம் எடுப்பார். ஏன் என்று கேட்டால், தண்ணீர் வேறு என்பார்.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற எந்தக் கூட்டத்திலும் ஒரு ஆள் பைக்குக் காவல் இருந்தாக வேண்டும். அன்றைக்கு இவர், தனக்கு ஜலதோஷம் என்று தானாக முன்வந்தார். நாங்கள் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வருவதற்குள், எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவர் இவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "கண்ணை நல்லா மூடிக்கோங்க சார், எண்ணெய் இறங்கிரும்" என்றாராம். மூடினார். மண்டையில் தாளம் போட்ட சுகத்தில் சொக்கிப் போய், அவர் மறுபடி கண்ணைத் திறந்தபோது துண்டு இருந்தது, செருப்பு இருந்தது, பை இல்லை.

நான் எண்ணெய் வடியும் அந்தத் தலையைப் பார்த்து வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அருவிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது என்று நாத்தனார் பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.

அந்த வாயும் ஸ்டேஷன் போகும்வரைதான். புகார் எழுதிக்கொண்ட ஏட்டு, "பாஸ்வேர்டு போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். மறந்துவிடக் கூடாதே என்று அதை ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியும் வைத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். என் வீட்டுக்காரர் அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு வீட்டில் எண்ணெய்ப் பேச்சை நான் எடுக்கவில்லை.

லேப்டாப்பில் நான் எதைச் சேமித்தாலும் அது இணையத்தில் என் கணக்கிலும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதே கணக்கு என் ஃபோனிலும் உண்டு. மூன்றாம் நாள் ஃபோனில் பார்க்கிறேன், என் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. எவனோ உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தான். முடிந்த மட்டும் மீட்டு வேறு இடத்தில் வைத்துக்கொண்டு ஏட்டுக்கு ஃபோன் போட்டேன். "நெட்டுல ஓடுதுல்லா, விட்டுப் பிடிப்போம். நீங்க எதையும் மாத்திராதீங்க" என்றார். நான் மாற்றவில்லை. தினமும் எடுத்துப் பார்ப்பது மட்டும் வழக்கமாகிவிட்டது.

ஏழாம் நாள் 'போலீஸ்' என்ற பெயரில் ஒரு புது ஃபோல்டர் முளைத்தது.

"பாத்தியா, கண்டுபிடிச்சுட்டாவ. பேரு போட்டு வச்சிருக்காவ" என்று இவர் குதித்தார். எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஏட்டிடம் கேட்டால், "எங்ககிட்ட வரலையேம்மா" என்கிறார். அடுத்தடுத்த நாட்களில் அந்த ஃபோல்டருக்குள் ஒரு பெண்ணின் புகைப்படம் வந்தது, கையெழுத்து வந்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தது. கடைசியில் போலீஸ் வேலைக்கு நிரப்பி அனுப்பிய விண்ணப்பமே வந்தது. கடையத்துப் பெண். வீட்டு முகவரி கதவு எண்ணோடு இருந்தது.

அந்த வேலைக்கான அறிவிப்பையும் அவள் சேர்த்து வைத்திருந்தாள். வயது வரம்பை அவள் பிறந்த தேதியோடு ஒட்டிப் பார்த்தேன். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வழக்கில் பெயர் வந்தவர்களுக்கு வேலை கிடையாது என்றும் அதிலேயே இருந்தது. இதை அப்படியே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போயிருந்தால் அரை நாளில் என் லேப்டாப் அகப்பட்டிருக்கும், அவளுடைய காக்கிச் சட்டை அதோடு போயிருக்கும். திருடிக்கு என்ன இரக்கம் என்று காலையில் நினைப்பேன். நாளைக்குப் போவோம் என்று சாயங்காலம் தள்ளிப்போடுவேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு அவள் ஒரு அட்டவணை வைத்திருந்தாள். தேதி, எத்தனை செகண்டு, அவ்வளவுதான். தினமும் காலையில் ஒரு வரி கூடும். நூற்றெட்டில் தொடங்கியவள் நூற்றுக்குக் கீழே வந்துவிட்டாள். நான் காப்பியோடு உட்கார்ந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் நேரம் கூடிவிட்டது. "சாரல்ல தரை வழுக்கியிருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, உனக்கு லேப்டாப் வேணுமா, அவ ஜெயிக்கணுமா?" என்று இவர் கேட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் பரீட்சைக்கு அவள் தட்டி வைத்த குறிப்பு ஒன்று வந்தது. 'திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பதும் குற்றமாகும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது, அதுவும் என் லேப்டாப்பில். எனக்கு உச்சி மண்டை வரை ஏறிவிட்டது. "படிச்சுக்கிட்டே செய்யுதா பாருங்க" என்று கத்திவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு கடையம் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் முழுக்க, அவளை என்ன கேட்க வேண்டும் என்று வரி வரியாகத் தயார் செய்துகொண்டு போனேன்.

வீட்டுக்கு வெளியே ஒரு லாரி நின்றது. புகைப்படத்தில் விறைப்பாக இருந்த அதே முகம் சிரித்தபடி வந்து, "வாங்க ஆச்சி, யாரைப் பாக்கணும்?" என்றது. ஐம்பது வயதில் முதல்முறையாக ஒருத்தி என்னைப் பாட்டி முறை வைத்து ஆச்சி என்கிறாள். திருட்டோடு அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆனால் தயார் செய்த வரிகளில் ஒன்றும் வரவில்லை. "இன்னைக்கு நானூறு மீட்டர் எவ்வளவு?" என்றுதான் வந்தது.

"தொண்ணூத்தொண்ணு" என்று பட்டென்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் முழித்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ என் லேப்டாப்புலல்லா எழுதி வைக்க."

லாரி அவளுடைய அப்பாவுடையது. கேரளாவுக்குச் சரக்கு ஓட்டுகிறவர். புளியறையில் செக்போஸ்ட் வரிசையில் லாரியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவரிடம், உருட்டுப் பெட்டியோடு ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். சவுதியில் இருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி வருவதாகவும், அவசரத்துக்கு விற்பதாகவும் சொல்லியிருக்கிறான். இதை அவரே லாரியில் இருந்து இறங்கி வந்து சொன்னார்.

"பில்லு கேக்கலையா அண்ணாச்சி?" என்றேன்.

"வெளிநாட்டுச் சாமானுக்கு யாரும்மா பில்லு கேப்பா?"

அதுவும் சரிதான். என் வீட்டு மிக்சி என் தம்பி துபாயில் இருந்து தூக்கி வந்தது. இஸ்திரிப் பெட்டி பக்கத்து வீட்டு மாப்பிள்ளை கத்தாரில் இருந்து கொண்டு வந்து விற்றது. எங்கள் பக்கத்தில் பில் இல்லாத பொருளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

"மூடியில பாஸ்வேர்டு ஒட்டியிருந்துச்சு. அவன் சம்சாரத்துக்கு மறதின்னு சொன்னான்" என்றார் அவர். இந்த ஊரில் முன்பின் தெரியாத திருடன்கூட என்னைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்கிறான்.

அதற்குள் அந்தப் பெண் உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். நான் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக, ஒரு பூத்துண்டில் சுற்றி வைத்திருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"கொடு, நான் கொண்டு போயிருதேன். கெடச்சுட்டுன்னு சொல்லிப் புகாரை வாபஸ் வாங்கிருதேன்" என்றேன்.

"எங்கன கெடச்சுதுன்னு கேப்பாவல்லா?"

"பஸ் ஸ்டாண்டுல கெடந்துச்சும்பேன்."

"போலீசுக்குப் பொய் சொல்லப் போறீயளா? அதுவும் எனக்காவவா?" என்றாள். "அந்த ஆளு நாளைக்கு இன்னொருத்தரை ஏமாத்துவான். அவன் மூஞ்சி எங்கப்பாவுக்குத்தான் தெரியும். நாங்களும் ஸ்டேஷனுக்கு வாறோம்."

அவள் அப்பா அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "கேஸுல பேரு வந்துட்டுன்னா உனக்கு இந்த ஜென்மத்துல காக்கி கிடையாதுட்டி."

"தெரியும்ப்பா" என்றாள். உள்ளே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவளைத்தான் பதினைந்து நாளாகத் திருடி என்றேன்.

புகார் கொடுத்தவள் குற்றம் சாட்டப்பட்டவளிடம் ஸ்டேஷனுக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சியபடி போனது, அந்தப் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்கும். குற்றாலம் ஸ்டேஷனில் அன்று ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல அக்யூஸ்டு யாரு?" என்று கேட்டார்.

"அவன் புளியறையில நிக்கான், நீங்க இங்கன உக்காந்து இவளைக் கேக்கீங்க" என்றேன். என் வீட்டுக்காரர் கூட இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பார்.

எஸ்.ஐ. கோபப்படவில்லை. அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, விறைப்பாக நின்றே எல்லாவற்றையும் சொன்னாள், விண்ணப்பம் போட்டதையும் சேர்த்து. அப்பாவிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்கள். "சாட்சியாத்தான் உங்க பேரு வரும். வேலைக்கு இது இடைஞ்சலா இருக்குமா இருக்காதான்னு நான் சொல்ல முடியாதும்மா. விசாரணைக்கு வர்றவங்க முடிவு அது" என்றார் எஸ்.ஐ. அவள் தலையாட்டினாள்.

நான்காவது நாள் ஆள் அகப்பட்டான். அதே புளியறையில், அதே உருட்டுப் பெட்டியோடு, அதே சவுதிக் கதையை ஒரு முட்டை வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். கழுத்தில் இவருடைய கேமரா தொங்கியது. கேமரா கைக்கு வந்ததும் இவர் ஆசையாகத் திறந்து பார்த்தார். உள்ளே அந்த ஆள் எடுத்த ஐந்தருவிப் படம் ஒன்று இருந்தது. இவர் இத்தனை வருஷமாக எடுத்ததை எல்லாம்விட அது நன்றாக இருந்தது. அதை மட்டும் அழித்துவிட்டார்.

கோர்ட்டு நடைமுறை முடிந்து லேப்டாப் வர நாளானது. இனி என் ஃபோனில் அட்டவணை கிடையாது என்பதால் அவளே காலையில் கூப்பிட ஆரம்பித்தாள். "அத்த, எம்பத்தொம்பது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஆச்சியில் இருந்து அத்தைக்கு நான் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்திலும் நீளம் தாண்டுவதிலும் தேறினாள். மீதி இருந்தது அவளைப் பற்றிய போலீஸ் விசாரணை ஒன்றுதான். அந்த வாரம் அவள் ஃபோனே பேசவில்லை.

ஒரு நாள் காலையில் தெரியாத ஏட்டு ஒருவர் ஃபைலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். விசாரணைத் தாளில், தன்னை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இரண்டு பேரை எழுத வேண்டுமாம். அவள் எழுதிய முதல் பெயர் என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தரவும் இல்லை.

"பிள்ளை உங்களுக்கு எப்படிம்மா பழக்கம்?" என்று அவர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். பொய் சொல்லிவிடலாம், தூரத்துச் சிநேகிதி மகள் என்று. பிறகு எண்ணெயில் இருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். ஏட்டு முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை, அப்புறம் எழுதுவதையே நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும்மா" என்றார் கடைசியில்.

"அப்ப உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க. அவளுக்கு வேலை இல்லன்னா இந்தத் தாளை நீங்க யாருக்குத்தான் வச்சிருக்கீங்க?" என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நிதானமாக எழுதி, தாளைத் திருப்பி நீட்டினார். 'நேர்மையானவர்' என்று இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவளுக்கு வேலை ஆர்டர் வந்த அன்று அவள் அப்பா லாரியோடு எங்கள் தெருவுக்குள் வந்து, இரண்டு பக்கமும் வண்டிகள் போக முடியாமல் நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் இனிப்பு டப்பா. தாம் வாங்கிக் கொடுத்த பொருளாலேயே மகள் வாழ்க்கை போய்விடுமோ என்று இத்தனை மாதமும் பயந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லையாம். "எங் கையாலயே கெடுத்துட்டனோன்னு இருந்தேம்மா" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அவர் லாரியை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.